தம்பியின் நோட்டில் இல்லாமல் போன குருவி

1

பறவை பார்ப்பவர்களின் சர்வதேச மாநாட்டுக்கு இந்த வருடமும் எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. போன வருடம் நான் அங்கே என் தம்பிக்குப் பதிலாகப் போய்ப் பேசினேன். இந்த முறையாவது உங்கள் தம்பி வருவாரா என்று அமைப்பாளர்களில் ஒரு பெண் அன்பாக இரண்டு வரி எழுதியிருந்தார். வரமாட்டான் என்று உடனே பதில் போட்டுவிட்டேன். காரணம் எழுதவில்லை. அதை ஜெர்மன் மொழியில் எழுத எனக்கு வராது. இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஊரில் இருக்கும் உங்களுக்குப் பாதி சொன்னாலே மீதி புரியும்.

ஜெர்மனியின் வடகடல் கரையில் ஒரு சிறு நகரத்தில், முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். வந்து பதினோரு வருடம் ஆகிறது. கணவர் துறைமுகக் கிடங்கில் வேலை செய்கிறார். ஒரே மகள் இனியா. நான்கு வயதில் வாய் ஓயாமல் தமிழ் பேசிக்கொண்டு விமானம் ஏறியவள், இப்போது பதினைந்து வயதில் அவசியத்துக்கு மட்டும் தமிழ் பேசுகிறாள்.

நான் பிறந்தது தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள், எங்களுடையது ஆறாவது. என் பெயர் முத்துலட்சுமி. ஆனால் இங்கே யாருக்கும் அது தெரியாது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பாவின் பெயரை எழுதப் போய், அதுவே என் பெயராகிவிட்டது. அப்பா இறந்து இருபத்து நான்கு வருடம். தினமும் காலையில் இல்லத்துப் பெரியவர்கள் "குட்டன் மோர்கன், ஃப்ராவ் பரமசிவன்" என்று அவரை எழுப்பிவிடுகிறார்கள்.

2

அப்பா எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை பார்த்தார். அம்மா முதுகு வலியால் அதற்கு முன்பே கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டாள். அப்பா திடீரென்று இறந்தபோது நான் கோயம்புத்தூரில் நர்ஸிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். தம்பி இசக்கிமுத்துவுக்குப் பதினெட்டு வயது. சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பாலக்காட்டுப் பக்கம் போய்ப் படித்தவன் அவன்.

லயத்து வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. செக்ரோல் என்கிற எஸ்டேட்டின் வேலையாள் பதிவேட்டில் வீட்டிலிருந்து ஒருவர் பெயராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காரியம் முடிந்த மறுநாள் கங்காணி வந்து வாசலில் நின்று, யார் பேர் கொடுக்கப் போவது என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. இசக்கியையும் பார்க்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இசக்கி சட்டையை மாட்டிக்கொண்டு கங்காணியுடன் ஆபீசுக்குப் போய்ச் செக்ரோலில் ஒப்புப் போட்டுவிட்டு வந்தான். நான் இரண்டு நாள் கழித்து கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். அந்த இரண்டு நாளில் நாங்கள் மூவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தேயிலைப் பேக்டரியில் கொழுந்து அரைக்கும் மிஷின் பக்கத்தில் அவனுக்கு வேலை. பன்னிரண்டு வருடம் அங்கே நின்றான். பிறகு அவனுக்குக் கல்யாணமாகி, மனைவி செல்வியின் பெயர் செக்ரோலில் ஏறியதும், வீடு தப்பித்தது என்று பேக்டரியை விட்டு வெளியே வந்தான். மூணாறு பக்கம் வரும் சுற்றுலாக்காரர்களின் பையைத் தூக்கப் போனவன், அவர்களுக்குப் பறவை காட்டும் கைடாக ஆனான். ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் தன் பழைய பைனாகுலரைக் கொடுத்தார். மேல் லயத்துக்குப் பின்னால் தேயிலை முடிந்து சோலைக்காடு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு பாதை உண்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடிந்ததும் அந்தப் பாதையில் அவன் தனியாக நடந்தான். குறிப்பிட்ட ஆறு இடங்களில் பத்துப் பத்து நிமிடம் நிற்பான். பள்ளிக்கூட நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் 'பார்த்தது' என்றும் மற்றதில் 'கேட்டது' என்றும் எழுதுவான். யாரும் சொல்லிச் செய்ததல்ல. இப்படிப் பதினோரு வருட நோட்டுகள் அவனிடம் இருந்தன.

3

அந்த நோட்டுகளை ஹோம்ஸ்டேக்கு வந்த ஒரு ஜெர்மன்காரர் பார்த்திருக்கிறார். அதிலிருந்துதான் அழைப்பு வந்தது. மாநாடு நடக்கும் நகரம் என் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பல நாட்டிலிருந்தும் பறவை பார்ப்பவர்கள் வருவார்கள், அவர்கள் கட்டும் கட்டணம் பறவைகளின் இடங்களைக் காப்பாற்றப் போகும், இசக்கி அங்கே தன் பதினோரு வருடக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

எதையும் வாய்விட்டுக் கேட்காத என் தம்பி இந்தப் பயணத்தில் காட்டிய ஆர்வம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் வீட்டிலிருந்து நல்ல ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று மூன்று முறை எழுதிக் கேட்டான். குளிருக்குப் பயப்படுகிறான் என்று நினைத்து, இன்சூரன்ஸ் அட்டையில்லாமலும் டாக்டரிடம் காட்டலாம், பயப்படாதே என்று பதில் போட்டேன்.

பிறகு விசாவுக்கான காகிதப் படலம். அவன் பாஸ்போர்ட்டில் வெறும் இசக்கிமுத்து. என் பாஸ்போர்ட்டில் முத்துலட்சுமி பரமசிவன். இரண்டு பேரும் அக்காள் தம்பி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அவன் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் பரமசிவம், என்னுடையதில் பரமசிவன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசில் 'ஒன் அண்ட் சேம்' சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். அபேட்சை என்கிற மனுவை மலையாளத்தில் எழுதிக் கொடுத்து, தாலுக்கா ஆபீசுக்கும் அலைந்து வாங்கினான். "அப்பா ஒருத்தர்தான்னு எழுதி வாங்க மூணு தடவ நடந்தேன்க்கா" என்று செய்தி அனுப்பினான். இருவரும் ஆளுக்கொரு தேசத்தில் உட்கார்ந்து சிரித்தோம்.

விசா கிடைக்கவில்லை. அச்சடித்த காரணங்களின் வரிசையில் ஒன்றுக்கு நேராக டிக் போட்டிருந்தது. விண்ணப்பித்தவர் குறித்த காலத்துக்குள் தன் நாட்டுக்குத் திரும்புவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம். வாழ்நாளில் அந்த மலையை விட்டு ஐந்து மாதம் மட்டும் வெளியே இருந்தவன் அவன். எங்கள் வீட்டில் திரும்பி வராதவள் நான்.

நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவன் போனை எடுப்பது குறைந்து, எழுத்தில் செய்தி அனுப்புவது அதிகமாகியிருந்தது. மறுநாள் இரண்டு வரி வந்தது. "பரவால்லக்கா. எனக்குப் பதிலா நீ வாசிச்சிரு."

4

அவன் தமிழில் எழுதி அனுப்பிய பதினான்கு பக்கத்தை நான் ஆங்கிலத்தில் மாற்றினேன். இனியா என் ஆங்கிலத்தைத் திருத்தி, திரையில் காட்டும் படங்களை அடுக்கிக் கொடுத்தாள். மாமாவிடம் ஒரு சந்தேகம் கேள் என்றால் மட்டும் மறுத்துவிட்டாள். "நான் பேசினா மாமாவுக்குப் புரியல. என்ன, என்னன்னு கேக்கிறாங்க. என் தமிழ் அவ்வளவு மோசம்" என்றாள். மூன்று வருடமாகவே வீடியோவில் மாமா வந்தால் கையை ஆட்டிவிட்டு அவள் தன் அறைக்குப் போய்விடுவாள். பேசப் பேசத்தானே வரும் என்று நானும் திட்டியிருக்கிறேன்.

அந்தக் கட்டுரையின் மையம் ஒரு சின்னக் குருவி. கறுப்புத் தலை, உடம்பெல்லாம் செம்மஞ்சள். சோலைக்குள் ஓடை மூங்கில் புதரில் தாழ்வாக இருக்கும். ஈப்பிடிப்பான் வகை. நம் மேற்கு மலைகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. பார்ப்பது அரிது, குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இசக்கியின் நோட்டில் முதல் வருடங்களில் ஆறு இடத்திலும் அதன் குரல் இருந்தது. வருடம் போகப் போகக் குறைந்தது. கடைசி மூன்று வருடம் 'கேட்டது' பத்தியில் அதன் பெயரே இல்லை. சோலையின் விளிம்பில் வந்த புதுச் சாலையும் விளக்குகளும் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தான். கடைசி வரியில், "அது இருந்த இடத்தில் இப்போதும் பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்" என்று இருந்தது. அந்த வரியை மொழிபெயர்க்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

மாநாட்டுக் கூடத்தில் சாப்பிடும்போதுகூடக் கழுத்தில் பைனாகுலரைக் கழற்றாத மனிதர்கள் நிறைந்திருந்தார்கள். நான் ஒருத்திதான் பறவை தெரியாதவள். காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தேன். முடிந்ததும் நீண்ட நேரம் கை தட்டினார்கள். அந்தச் சோலையைத் தாங்கள் உதவ வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்க்கலாம் என்று மேடையிலேயே ஒருவர் சொன்னார்.

அப்போது பின்வரிசையில் ஒரு வயதானவர் எழுந்து, என் ஆங்கிலத்தின்மேல் இரக்கப்பட்டோ என்னவோ, ஜெர்மனிலேயே ஒரு கேள்வி கேட்டார். மேடைப் பதற்றத்தில், அவ்வளவு தூரத்திலிருந்து வந்த குரலில் எனக்குக் 'கெஹோர்ட்' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. அந்தச் சொல்லுக்கு 'சொந்தம்' என்று பொருள். சோலை யாருக்குச் சொந்தம் என்று கேட்கிறார் என்று எண்ணி, பாதி அரசாங்கத்துக்கு, பாதி எஸ்டேட்டுக்கு என்றேன். கூடத்தில் மெல்லச் சிரித்தார்கள். அதே சொல்லுக்குக் 'காதால் கேட்டது' என்றும் பொருள் உண்டு. அவர் கேட்டது, இத்தனை வருடமும் காதால் கேட்டவர் ஒரே ஆள்தானா என்பது.

இடைவேளையில் அவரே என்னைத் தேடி வந்தார். பெயர் பீட்டர்சன், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். இரண்டு காதிலும் கருவி வைத்திருந்தார். மேஜையில் இசக்கியின் பட்டியலை விரித்து, பென்சிலால் மெதுவாகக் காட்டினார். காட்டுக்கோழி, குக்குறுவான், காட்டுப்புறா போன்ற கனத்த குரல்கள் எல்லா வருடமும் ஒரே மாதிரி இருக்கின்றன. கீச்சென்ற மெல்லிய குரல்கள் மட்டும் குறைகின்றன, அதிலும் மிக மெல்லியது முதலில். "பறவைகள் இப்படி வரிசை பிடித்துப் போவதில்லை, ஃப்ராவ் பரமசிவன். காதுதான் இப்படிப் போகும்" என்றார். அவர் ஊர்க் காட்டில் கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்று அழிந்துவிட்டதென்று அவரும் ஒரு காலத்தில் கடிதம் கடிதமாக எழுதினாராம். பேரன்தான் ஒருநாள், தாத்தா, அது உங்கள் தலைக்கு மேலேயே கத்துகிறதே என்றானாம்.

இதை அவர் மேடையில் கேட்காமல் தனியாகச் சொன்னதற்கு இன்றும் அவரை மனதில் கும்பிடுகிறேன்.

5

ரயிலில் வரும்போது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நான் தினமும் காலையில் பதினோரு பெரியவர்களின் காதுக் கருவியைத் துடைத்து, பேட்டரி மாற்றி, மாட்டிவிடுகிறவள். காது மங்குகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். போனைத் தவிர்ப்பார்கள். பிறர் பேச இடம் கொடுக்காமல் தாங்களே பேசுவார்கள். இவை எல்லாம் என் தம்பியிடம் இருந்தன. அவனுக்கு என்மேல் ஏதோ மனக்குறை, ஒதுங்குகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு வீடியோவில் அழைத்தேன். நல்லபடி வாசித்தேன், எல்லோரும் கை தட்டினார்கள் என்றேன். சிரித்தான். பிறகு, தேநீர் குடிப்பதுபோலக் கோப்பையை வாய்க்கு நேராகப் பிடித்து உதட்டை மறைத்துக்கொண்டு, செல்வி எங்கே போயிருக்கிறாள் என்று கேட்டேன்.

"ஆங், நல்லாருக்கேன்க்கா" என்றான்.

அன்று நான் வேறெதுவும் கேட்கவில்லை. போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. ஈஸ்டர் விடுமுறைக்கு இனியாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

6

போய் நான்கு நாள் ஆகியும் என்னால் சொல்ல முடியவில்லை. அம்மா இல்லாத வீட்டுக்கு, என்னை வரவேற்க இசக்கி சுண்ணாம்பு அடித்திருந்தான். மாநாட்டில் பேசியதைப் பற்றி ஹோம்ஸ்டேக்காரர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஜீப் ஓட்டுகிறவர்கள்கூட அவனை நிறுத்திக் கை கொடுத்தார்கள். செல்வி மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, அவர் இப்போதெல்லாம் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை அண்ணி, என்மேல் என்ன கோபமோ என்று வருத்தப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவனுடன் நாங்கள் இருவரும் நடந்தோம். மேல் லயத்தைத் தாண்டித் தேயிலைக்குள் ஏறி, சோலையின் விளிம்புக்கு வந்தோம். மூன்று இடங்களில் நின்று எழுதினான். நான்காவது இடத்தில் ஓடை ஓரம் மூங்கில் புதர். அங்கே நின்றதும், ஈரக் கண்ணாடியை விரலால் தேய்ப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம் வந்தது. நின்றது, மறுபடி வந்தது. இனியா என் கையைத் தொட்டு, அது என்ன பூச்சி என்று ஜெர்மனில் கேட்டாள்.

எனக்குப் பறவை தெரியாது. ஆனால் மொழிபெயர்ப்பதற்காக அந்தக் குரலின் ஒலிப்பதிவைக் கணினியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதேதான்.

இசக்கி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தான். பத்து நிமிடம் முடிந்ததும் 'கேட்டது' பத்தியில் ஒரு கோடு இழுத்தான். பிறகு எங்களைப் பார்த்தான். இரண்டு பேர் முகமும் ஒரே புதரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. எங்கள் பார்வை போன திசையில் பைனாகுலரைத் தூக்கினான். மெதுவாக நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினான். வெகு நேரம் அசையவில்லை.

"அலகத் தொறந்து தொறந்து மூடுது" என்றான். பைனாகுலரை இறக்காமலே கேட்டான். "பாடுதாக்கா?"

"ஆமா."

அது அவனுக்குக் கேட்கவில்லை. நான் முன்னால் வந்து நின்று தலையை ஆட்டினேன்.

"இப்பவுமா?"

மறுபடி தலையாட்டினேன். அவன் பாதை ஓரத்துப் பாறையில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பீட்டர்சன் சொன்னதையெல்லாம் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காது மங்குவது அவனுக்கு மூன்று வருடமாகவே தெரியும். "மனுசங்க பேச்சுதான் மங்குதுன்னு நெனச்சேன்க்கா. குருவி போயிருச்சுன்னு நெனச்சேன். ரெண்டையும் சேத்துப் பாக்கத் தோணல" என்றான். பிறகு, தோன்றியிருக்கும், பார்க்கத்தான் பயமாக இருந்தது என்று அவனே திருத்திக்கொண்டான். மாநாட்டுக்கு வர அத்தனை துடித்ததும் இதற்காகத்தான். யாருக்கும் தெரியாமல், நான் இருக்கும் ஊரில் ஒரு டாக்டரிடம் காதைக் காட்டிவிட்டு வரலாம் என்பது அவன் எண்ணம். இங்கேயே காட்டியிருக்கலாமே என்றேன்.

"இங்கன காட்டுனா மறுநாளே எல்லா ஜீப்காரனுக்கும் தெரிஞ்சிரும். காது கேக்காத கைடை யாருக்கா கூப்பிடுவா?"

கொஞ்ச தூரத்தில் நின்ற இனியா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இறங்கும்போது, மாமாவுக்கு உன் தமிழ் புரியாமல் இல்லை, காது கேட்கவில்லை, அதிலும் உன்னைப் போல மெல்லிய குரல் சுத்தமாகக் கேட்காது என்று அவளிடம் சொன்னேன். நின்றுவிட்டாள். "மூணு வருஷமாவா?" என்று மட்டும் கேட்டாள். அந்த மூன்று வருடத்தில் அவளுக்குத் தமிழ் உண்மையாகவே பாதி போய்விட்டது. அன்று சாயங்காலம் மாமாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவன் காதைக் கொடுத்துக் காத்திருந்தான். சொல் கிடைக்காமல் பாதியில் எழுந்து போனாள்.

7

இரண்டு நாள் கழித்து, இனியாவையும் கூட்டிக்கொண்டு அவனைக் கோயம்புத்தூரில் காது டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்று நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அடிக்கடி அழுத்தினான். பிறகு கை பொத்தான்மேல் அப்படியே இருந்தது.

டாக்டர் இளம் பெண். காகிதத்தில் வரைந்திருந்த கோடு கொஞ்ச தூரம் சமமாக வந்து, பிறகு மலைச்சரிவு போல இறங்கியிருந்தது. மிஷின் சத்தத்தில் வேலை பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பேக்டரியில் பன்னிரண்டு வருடம் என்றான். காதுக்கு ஏதாவது வைத்துக்கொள்வீர்களா என்றார். "பஞ்சு வச்சுக்கிடுவோம். சில நாளு அதுவும் இருக்காது" என்றான். பதினெட்டு வயதில் ஆரம்பித்த சேதம், வெளியே தெரிய இத்தனை வருடம் எடுத்துக்கொண்டது என்றார் டாக்டர். போனது திரும்பாது. கருவி வைத்தால் மனிதர் பேச்சு தெளியும். குருவியைப் பற்றி நான் கேட்டேன். அவ்வளவு மெல்லிய ஒலிக்கு உதவாது என்றார்.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் நர்ஸிங் முடித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்தேன், இனியாவைப் பெற்றேன். வீடு தேடி லீவுக்கு வந்தேன். வீடு எப்படி அங்கேயே இருக்கிறது என்று யோசித்ததில்லை.

திரும்பும்போது உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு பஸ். சின்னாறு செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனிடம் இருபத்து நான்கு வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மெதுவாகச் சொன்னேன். என்ஜின் சத்தத்தில் அவனுக்கு எட்டவில்லை.

"என்னக்கா?"

மறுபடி சொன்னேன். மறுபடியும், "என்னது?" என்றான். ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டால் இனி ஒருபோதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அவன் காதருகில் குனிந்து கத்தினேன்.

"நான் படிக்கணும்னுதான் நீ அந்தப் பேக்டரிக்குப் போன. எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் பேசாம பஸ் ஏறிட்டேன்."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் பார்த்தார். முன் சீட்டிலிருந்த இனியா பார்த்தாள். காதோடு சொல்ல வேண்டியதைக் கத்திச் சொன்னதில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இசக்கி ஜன்னல் பக்கம் திரும்பி மறையூர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வளைவு தாண்டிய பிறகு, கோபம் கொஞ்சமும் இல்லாமல் சொன்னான்.

"கேட்டிருந்தாலும் நான்தான்க்கா போயிருப்பேன். ஆனா ஒருத்தரும் கேக்கல."

பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

8

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அவன் நோட்டுகளை எல்லாம் எடுத்துத் தரையில் வைத்து, மாநாட்டுக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றான். நான் தயங்கினேன். அந்தச் சோலை பட்டியலில் ஏறியதே குருவி மறைகிறது என்பதால்தான். சாலை விளக்குகளைக் குறைக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு அவர்கள் எழுதப் போவதும் அதை வைத்துத்தான். இதைச் சொன்னால் எல்லாம் நின்றுபோகலாம், அவன் பெயரும் கெடலாம் என்றேன்.

"குருவி இருக்குக்கா. இருக்கிறத இல்லைன்னு எழுதக் கூடாது" என்றான்.

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த வருடத்திலிருந்து தன் காதை நம்ப முடியாது என்று அவனுக்கே நிச்சயமில்லை. அதனால் கடைசி ஆறு வருடத்தின் 'கேட்டது' பத்தியை முழுதாக விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டான். பார்த்தது எல்லாம் சரி, அதற்குத் தான் பொறுப்பு என்றான். நான் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். மாநாட்டு மலரிலிருந்து கட்டுரையை எடுத்துவிட்டார்கள். சோலையைப் பட்டியலில் சேர்ப்பது புதிய கணக்கு வரும்வரை தள்ளி வைக்கப்பட்டது. புதிய கணக்கு எடுக்க இதுவரை யாரும் வரவில்லை. சாலை விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன.

இசக்கி கைடு வேலையை விட்டுவிட்டான். அதே ஹோம்ஸ்டேயில் இப்போது ஜீப் ஓட்டுகிறான். காதில் கருவி இருக்கிறது. செல்வி கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான். விருந்தினர்களையும் புதிய கைடையும் சோலை விளிம்பில் இறக்கிவிட்டு, அவர்கள் வரும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதாகச் செல்வி சொன்னாள். எனக்கு மனம் பொறுக்காமல் போன ஞாயிறு அவனிடமே கேட்டேன், அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறாய் என்று.

"நோட்டு எழுதுதேன்" என்றான். "திரும்பி வாரவங்க என்னென்ன கேட்டுதுன்னு சொல்லுவாங்கள்ல, அத எழுதிக்கிடுவேன். கேட்டது யாருன்னு அவங்க பேரயும் போட்டுருதேன்க்கா."